திருக்கை அறுத்த கைக்கோடரி

ஆதிமனிதனைப் பற்றிய எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் படத்தில் ஓர் ஆண் கல்லை உடைத்துக்கொண்டிருப்பான்; ஓவியருக்கு இடம் மிஞ்சியிருந்தால் குகை வாயிலில் ஒரு பெண் குழந்தையோடு உட்கார்ந்திருப்பாள். விடுபடுகிறவள் அவள். அவளுக்கு அடுத்தபடியாக விடுபடுகிறவள், அந்தக் கல்லைப் பெட்டியில் வைத்து ஊர் ஊராகக் கொண்டுசென்று விளக்குகிற பெண். முன்னவளைப் பற்றி எனக்கு உறுதியாக எதுவும் தெரியாது. பின்னவள் நான்.

கல்லை விளக்குவது எளிய தொழில். கல் எப்போதும் ஒத்துழைக்கும், கேட்பவர்கள்தாம் ஒத்துழைக்கமாட்டார்கள். ஆசிரியர்களே, அம்மை குத்துகிறவர்களே, தபால் நிலையச் சன்னலுக்குப் பின்னால் அமர்ந்திருப்பவர்களே, பொதுமக்களுக்கு எதையேனும் விளக்கிச் சம்பளம் வாங்கும் துர்ப்பாக்கியசாலிகளே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்கு இது புரியாது, புரிந்தாலும் நம்பமாட்டார்கள்.

உலகப் போர் நடந்துகொண்டிருந்த ஆண்டுகளில், ஓர் அருங்காட்சியகத்தின் சுற்றுக்காட்சிப் பிரிவில் நான் தற்காலிக உதவியாளராக இருந்தேன். என் எம்.ஏ. பட்டத்துக்காக என்னை எடுத்துக்கொள்ளவில்லை. அந்த இடத்துக்குரிய ஆண் படையில் சேர்ந்துவிட்டதால் எடுத்துக்கொண்டார்கள். கண்காணிப்பாளர் பரிந்துரைத்தால் வேலை நிரந்தரமாகும். இல்லையேல் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். என் தங்கை அப்போது மருத்துவக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய படிப்பு என் சம்பளத்தில் நடந்தது.

எதிரி நாட்டு மண்டை

என் பெட்டியில் இருந்தவை இரண்டு வகை. ஒன்று, சென்னைக்கு அருகே ஓடைப்படுகைகளில் கிடைத்த கைக்கோடரிகள்: பிடியில்லாமல், உள்ளங்கைக்குள் அடங்கும்படி, ஒரு முனை கூராகவும் மறுமுனை உருண்டையாகவும், இரு பக்கமும் செதுக்கப்பட்ட கற்கள். மற்றொன்று, ஜாவாத் தீவில் அகப்பட்ட மண்டையோட்டின் சுண்ணாம்பு வார்ப்பு. நெற்றி என்று சொல்லத்தக்கது அதில் ஏறக்குறைய இல்லை. புருவத்தின்மேல் கூரையின் இறவாரம்போல் ஓர் எலும்பு மேடு நீண்டிருக்கும். நம்மைப் போல நிமிர்ந்து நடந்து, நம்மைப் போல அல்லாமல் சிந்தித்த ஓர் இனம். இத்தகைய இனத்தவர்தாம் இத்தகைய கோடரிகளைச் செய்தார்கள் என்பது எங்கள் துறையின் கணிப்பு.

தூத்துக்குடி ரயில் நிலையத்தில், துறைமுகப் பாதுகாப்புக்கென்று நிறுத்தப்பட்டிருந்த ஏட்டையா ஒருவர் பெட்டியைத் திறக்கச் சொன்னார். கற்களை ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்து பார்த்தார். மண்டையோட்டின் அடியில் ஒட்டியிருந்த சீட்டை எழுத்துக் கூட்டிப் படித்தார். அவர் முகம் மாறியது. எனக்கு உதவியாளாக வந்த சேவகர் சுடலைமுத்து, “அண்ணாச்சி, அது செத்து ரொம்ப காலம் ஆயிட்டு” என்று சமாதானம் சொன்னார். ஏட்டையா அசையவில்லை. “ஜாவாவைச் சப்பான்காரன்லா பிடிச்சு வச்சிருக்கான்? அந்த ஊரு ஆளை, செத்தவனா இருந்தாலும், மேலதிகாரியக் கேக்காம இங்கன இறக்க முடியாதும்மா” என்றார்.

துணியின் கீழ்

மேலதிகாரியின் அனுமதி கிடைத்த பிறகு மண்டையோடு போய்ச் சேர்ந்த முதல் இடம், நாசரேத்துப் பக்கத்தில் ஒரு பெண்கள் பள்ளி. தலைமையாசிரியை கல்லை அனுமதித்தார், மண்டையை அனுமதிக்கவில்லை. படைப்பின் வரலாற்றை மனப்பாடமாக ஒப்பிக்கும் பிள்ளைகளுக்கு முன்னால் நெற்றியில்லாத ஒரு மூதாதையை வைப்பது முறையன்று என்றார். பேச்சுவார்த்தைக்குப் பிறகு, மண்டை மேசைமேல் இருக்கலாம், ஆனால் தேவாலயப் பீடத்தின்மேல் விரிக்கும் ஆல்டர் துணியைப் போல வெள்ளைத் துணி ஒன்று அதன்மேல் கிடக்க வேண்டும் என்று உடன்பாடு ஏற்பட்டது.

உடன்பாட்டின் பயன் என்னவென்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நான் கோடரிகளை உயர்த்திக் காட்டினேன். ஒரு சில்லை எங்கே எடுத்தால் எங்கே கூர் வரும் என்று விளக்கினேன். பள்ளி முழுவதும் துணியையே பார்த்துக்கொண்டிருந்தது. மணியடித்துப் பிள்ளைகள் வெளியேறியதும் தலைமையாசிரியை கதவைச் சாத்திவிட்டுத் தாமே துணியை எடுத்தார். புருவ மேட்டை ஒரு விரலால் தொட்டார். பிறகு துணியை முன்புபோலவே போர்த்தி, அதன் ஓரங்களை நேராக்கினார். பெட்டியை மூட நான் எழுந்தபோது, “பிள்ளைகளுக்கு இது வேண்டாம்தான். எனக்கு மட்டும் இன்னொரு தடவை எடுங்க” என்றார்.

காயல்பட்டினத்தின் கேள்வி

காயல்பட்டினத்து வீடுகளின் உள்கட்டுக்குள் ஆண் விளக்குநர் எவரும் நுழைய முடியாது. ஆகவே அங்கே நான் விடுபடவில்லை. இரத்தின வணிகர் ஒருவர் கொழும்பில் இருந்தார். அவர் மனைவி கதீஜா உம்மா அக்கம்பக்கத்துப் பெண்களைக் கூட்டி வைத்து என்னை அழைத்தார். சுடலைமுத்து வாசலில் நிற்க, பெட்டியை நானே தூக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

இரத்தினத்தைப் பார்த்தே தரம் சொல்லும் கல் நோக்கம் இருப்பவர்கள் அவர்கள். கோடரிகளை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, “ரெண்டு பக்கமும் ஒண்ணுபோல வந்திருக்கு” என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். கதீஜா உம்மா மண்டையோட்டை மடியில் வைத்துக்கொண்டு, “இது ஆம்பளையா, பொம்பளையா?” என்று கேட்டார். எனக்கு வியப்பாக இருந்தது. பல்கலைக்கழகத்தில் என்னுடன் படித்த எவரும் அதைக் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. உறுதியாகத் தெரியாது என்றேன். “பொறவு ‘அவன்’ ‘அவன்’ண்டே சொல்லிட்டு வந்தியளே?” ஆண் என்று வைத்துக்கொள்வது வழக்கம் என்றேன். அவர் மண்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: “தெரியாட்டி ஆம்பளைண்டு வச்சிக்கிறதா? நல்லா இருக்கும்மா ஒங்க படிப்பு!”

உடைத்துக் காட்டியது

தூத்துக்குடிக் கடற்கரையில், சங்கு கொட்டி வைக்கும் கிட்டங்கியின் நிழலில் ஒரு பிற்பகல் காட்சி வைத்தோம். அந்த ஆண்டுகளில் முத்துச் சிப்பி விளையவில்லை. குளிகாரர்கள் சங்குக்கு மட்டும் மூழ்கினார்கள். காற்று மாறியதால் தோணிகள் கரையில் கிடந்தன. ஆகவே கூட்டம் கூடியது. தோணிக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி ஒருவர் கைக்கோடரியை வாங்கிப் பார்த்துவிட்டு, “கல்லுன்னா உடையத்தான் செய்யும். இத மனுசன் செஞ்சாம்னு நீங்க எத வச்சுச் சொல்லுதிய?” என்றார். கூட்டம் சிரித்தது. கேள்வி நியாயமானது. அதற்குச் சொல்லால் விடையில்லை.

கப்பல் தள்ளாடாமலிருக்க அடித்தட்டில் ஏற்றிவந்து, சரக்குக் கிடைத்ததும் வேண்டாமென்று கொட்டிவிட்டுப் போகும் பாரக்கற்கள் அங்கே குவிந்து கிடந்தன. அவற்றில், வெள்ளைத் தோல் போர்த்திய அயல்நாட்டுச் சக்கிமுக்கிக் கல் ஒன்றை எடுத்தேன். அருங்காட்சியகக் கொல்லையில் ஓராண்டுக் காலம் கட்டைவிரலைக் காயப்படுத்திக்கொண்டு இதைப் பழகியிருந்தேன். இல்லாவிட்டால் விளக்குவது எல்லாம் பொய்யாக இருந்திருக்கும். கூழாங்கல் ஒன்றால் விளிம்புக்குச் சற்று உள்ளே, சாய்வாக அடிக்க வேண்டும். நேராக அடித்தால் கல் நொறுங்கும். சரியாக அடித்தால் வெங்காயச் சருகுபோல ஒரு சில்லு கழலும். கல்லைத் திருப்பி, அந்தச் சில்லு விட்டுச்சென்ற தழும்பின்மேல் அடுத்த அடி. இப்படி மாறிமாறிச் சுற்றிவந்தால் விளிம்பு தானாக அலையலையாகக் கூர்ப்படும். அடிக்கும் முன்பே முடிவு மனத்தில் இருக்க வேண்டும். அதுதான் கல் உடைவதற்கும் கல்லை உடைப்பதற்கும் உள்ள வேறுபாடு. சம்மாட்டியின் சுருட்டு எரிந்து முடிவதற்குள் என் கையில் ஒரு கைக்கோடரி இருந்தது.

கருவாட்டுக்கு மீன் கீறும் லூர்தம்மாள் அதைக் கையிலிருந்து பறிக்காத குறையாக வாங்கினாள். போரினால் இரும்புக்குத் தட்டுப்பாடு. அவளுடைய கத்தி தேய்ந்து ஈர்க்குச்சியாகியிருந்தது. எதிரே ஒரு திருக்கை மீன் கிடந்தது. அதன் சொரசொரப்பான தோலில் கல்லை வைத்து இழுத்தாள். தோல் இரண்டாகப் பிரிந்தது. “ஏளா, பாத்தியாளா! வெட்டுதுளா!” என்று பக்கத்திலிருந்தவளிடம் கூவினாள். கோடரியை அவளுக்கே கொடுத்துவிட்டேன். மணலில் கிடந்த சில்லுகளை மட்டும் பொறுக்கி ஒரு பிஸ்கோத்து டப்பாவில் போட்டுக்கொண்டேன். கூர்மையைப் பள்ளிகளில் காட்டப் பயன்படும் என்பது என் எண்ணம். சுடலைமுத்து அலுத்துக்கொண்டார்: “கல்லைச் சுமந்தது பத்தாதுன்னு இனி கல்லுக் குப்பையையும் சுமக்கணுமாம்மா?”

அரை மணி நேர நடை

கண்காணிப்பாளர் சீமையில் படித்தவர். எங்கள் சுற்றுக்காட்சியைப் பார்வையிடவும், நகர மண்டபத்தில் ஒரு சொற்பொழிவு ஆற்றவும் தூத்துக்குடிக்கு வந்தார். அவர் வந்த நேரம் நான் பெட்டியோடு மணப்பாட்டில் இருந்தேன். திரும்பி வந்து பயணியர் விடுதியில் அவரைப் பார்க்கப் போனபோது, மேசைமேல் மடித்த கைக்குட்டையில் என் கைக்கோடரி வீற்றிருந்தது. கடற்கரையில் ஒரு மீனவப் பெண் அதனால் மீன் கீறிக்கொண்டிருந்தாளாம். வழிவழியாக அவள் குடும்பத்தில் இருப்பதாம். ஜாவா மனிதனின் இனம் இந்தக் கடற்கரையிலும் நடமாடியது என்பதற்கு முதற்சான்று கிடைத்துவிட்டது என்றார். சொற்பொழிவின் தலைப்பை அதற்கேற்ப மாற்றிவிட்டிருந்தார்.

“ஐயா, அது நான் செய்தது” என்றேன். அவர் சிரித்தார். இந்தக் கல் இந்த மண்ணில் விளைவதில்லை என்றேன். அப்படியானால் ஆதிமனிதன் தொலைவிலிருந்து கொண்டுவந்திருக்கிறான், கண்டுபிடிப்பின் மதிப்பு இன்னும் கூடுகிறது என்றார். கல்லின் உடைந்த முகம் புதிதாக மின்னுகிறதே என்றேன். உப்புக் காற்று அதைக் காத்திருக்கிறது என்றார். நம்ப விரும்பும் அறிஞரைப் போன்ற உறுதியான கல் எந்தப் படுகையிலும் கிடையாது. கடைசியில் அன்போடு என் தோளுக்கு மேலாக எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார்: “வருத்தப்படாதீர்கள், அம்மா. நீங்கள் ஓராண்டாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைந்தீர்கள். நான் அரை மணி நேரம் கடற்கரையில் நடந்தேன். அறிவியலில் இப்படித்தான் நேரும்.”

லூர்தம்மாள் சொன்னது

நேரே கிட்டங்கிக்குப் போனேன். லூர்தம்மாள் புத்தம்புதிய மடக்குக் கத்தி ஒன்றால் சாளையைக் கீறிக்கொண்டிருந்தாள். கோடரி எங்கே என்றேன். “அந்தத் தொரைகிட்ட மாத்திட்டேன், டீச்சரம்மா” என்றாள். அவள் முகத்தில் குற்ற உணர்வின் சாயல்கூட இல்லை. இருக்க வேண்டிய காரணமும் இல்லை.

வழிவழியாக வந்தது என்று சொன்னாயாமே என்றேன். “நான் எங்க சொன்னேன்? அவுகதான் சொன்னாவ. ‘இது ஒங்க பாட்டன் பூட்டன் காலத்துலேருந்து இருக்கா?’ன்னு கேட்டாவ. இல்லன்னு தலையாட்டுனேன். மொகம் வாடிப்போச்சு, கத்தியையும் பைக்குள்ள வச்சிட்டாவ. பொறவு என்ன செய்ய?” மீனின் குடலை ஒரே இழுப்பில் எடுத்துக் காக்கைக்கு எறிந்தாள். “மாதா சத்தியமாச் சொல்லுதேன், டீச்சரம்மா. கத்தி புதுசா இருந்துச்சு. அதான் கல்லு பழசாயிட்டு.”

பிஸ்கோத்து டப்பா

மறுநாள் டப்பாவோடு கண்காணிப்பாளரின் அறைக்குப் போனேன். ஒரு கல்லிலிருந்து கழன்ற சில்லு உலகத்தில் வேறெந்தக் கல்லிலும் பொருந்தாது. அது விட்டுவந்த தழும்பில் மட்டுமே அமரும். எங்கள் துறையில் இதைவிடக் கண்டிப்பான சாட்சி இல்லை. பெரிய சில்லு ஒன்றை எடுத்துக் கோடரியின் பக்கவாட்டில் வைத்தேன். மூடி கிண்ணத்தில் உட்காருவதுபோல உட்கார்ந்தது.

அவர் அறிவிலி அல்லர். பார்த்தார், புரிந்துகொண்டார். புரிந்துகொண்ட பிறகு அவர் செய்ததைத்தான் நான் இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். எழுந்து சன்னலைச் சாத்தினார். மண்டபத்துக்கு ஆட்சியர் வருவதையும், பத்திரிகைகளுக்குச் செய்தி போய்விட்டதையும் சொன்னார். என் தங்கையின் படிப்பைப் பற்றி விசாரித்தார். அதுவரை அவர் அதை ஒருமுறையும் விசாரித்ததில்லை. சனிக்கிழமை மேடையில் நான் செய்ய வேண்டியது கல்லை உயர்த்திக் காட்டுவது மட்டும்தான் என்றார். “ஒரு சில்லு பொருந்துவது தற்செயல். கூட்டம் முடிந்ததும் உங்களை நிரந்தரமாக்கும் பரிந்துரையில் நான் கையெழுத்திடுவேன். அது தற்செயல் அன்று.”

சனிக்கிழமை

அந்த இரண்டு நாள்களில் நான் என்ன எண்ணினேன் என்பது யாருக்கும் பயன்படாது. தங்கைக்கு எழுதவில்லை. எழுதியிருந்தால் அவள் நேர்மையான விடை எழுதியிருப்பாள். அந்தப் பளுவை அவள்மேல் ஏற்ற நான் விரும்பவில்லை.

மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் ஆட்சியரும் உப்பள முதலாளிகளும் பாதிரியார்களும். பின்னால் சம்மாட்டியும் குளிகாரர்களும். கதவோரம் தரையில், கண்டெடுத்த பெருமைக்காக அழைக்கப்பட்ட லூர்தம்மாள். கண்காணிப்பாளர் நன்றாகவே பேசினார். காலமெல்லாம் ஒரே வடிவத்தைப் பிழையில்லாமல் திரும்பத் திரும்பச் செய்த அந்த இனத்தைப் பற்றி அவர் சொன்னவை அழகாகவும் சரியாகவும் இருந்தன. பிறகு, “இதை உடைத்த கரத்தை எண்ணிப் பாருங்கள். அது வேட்டையாடிய ஓர் ஆணின் கரம். எந்தப் பெண்ணின் மணிக்கட்டும் இந்த அடியைத் தாங்காது” என்று சொல்லி, கல்லை உயர்த்திக் காட்ட என்னை அழைத்தார்.

உயர்த்திக் காட்டினேன். மற்றக் கையால் டப்பாவைத் திறந்தேன். “அந்தக் கரம் இதுதான்” என்றேன். தேன்மெழுகு ஒட்டி, சில்லுகளை ஒவ்வொன்றாக அவற்றின் தழும்புகளில் பொருத்தினேன். எல்லோருக்கும் தெரியும்படி கைக்கோடரி மெல்லத் தன் வடிவத்தை இழந்து, வெள்ளைத் தோல் மூடிய பாரக்கல்லாகத் திரும்பியது. ஆதிமனிதன் இந்தக் கடற்கரைக்கு வரவே இல்லை என்று நான் சொல்லவில்லை. இந்தக் கல்லோடு வரவில்லை என்று மட்டும் சொன்னேன். சம்மாட்டி எழுந்து நின்று, “ஆமா, நாங்க எல்லாரும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தோம்” என்றார். ஆட்சியர் தம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கதவோரத்திலிருந்து லூர்தம்மாளின் கவலை தெளிவாகக் கேட்டது: “ஏ டீச்சரம்மா, அப்பம் கத்தியத் திருப்பிக் கேப்பாவளோ?”

பின்னர்

கத்தியைத் திருப்பிக் கேட்கவில்லை. அம்மாத இறுதியில் என் வேலை முடிந்தது; சுற்றுப்பயணப் பணி பெண்களின் உடல்நிலைக்கு ஏற்றதன்று என்பது எழுதப்பட்ட காரணம். பெட்டியைச் சுடலைமுத்துவிடம் ஒப்படைத்தேன். தங்கை ஓராண்டு படிப்பை நிறுத்திவிட்டு, ஒரு மருத்துவமனையில் மருந்து கலக்கும் வேலை பார்த்துப் பிறகு படித்து முடித்தாள். என்னை அவள் குறைகூறியதில்லை, பாராட்டியதும் இல்லை. நான் பெண்கள் பள்ளி ஒன்றில் பூகோள ஆசிரியையானேன். திருமணம் செய்துகொள்ளவில்லை. எந்த அருங்காட்சியகமும் என்னை மறுபடி வேலைக்கு அழைக்கவில்லை. கண்காணிப்பாளர் பதவி உயர்வு பெற்றார்.

சில ஆண்டுகள் கழித்து மாணவிகளை அழைத்துக்கொண்டு அதே அருங்காட்சியகத்துக்குப் போயிருந்தேன். கீழ்த்தட்டில் ஒரு கண்ணாடிப் பேழைக்குள் அந்தக் கல் இருந்தது, ‘அண்மைக் காலத்துப் போலி, செய்தவர் அறியப்படவில்லை’ என்று அதன் அருகே அழகான அச்செழுத்தில் இருந்தது. ஆக, எங்கள் இருவரில் நிரந்தரப் பணி கிடைத்தது அந்தக் கல்லுக்குத்தான்.